பரணுக்குப் போகாத பரிசு

தமிழ்நாட்டில் எந்த வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே சாமான்கள்தான் இருக்கும். பெட்டி பிரிக்காத டின்னர் செட், முள் ஓடாத சுவர்க்கடிகாரம், ஐந்தாறு ஹாட் பேக், ஜோடி ஜோடியாகக் குத்துவிளக்கு. எவர்சில்வர் பாத்திரமாக இருந்தால் விளிம்பில் புள்ளிப் புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும்: இன்னாரின் அன்பளிப்பு, தேதி இன்னது. கொடுத்தவர் பேர் அழியக்கூடாது என்பதில் காட்டிய அக்கறையை, வாங்கியவருக்கு அது உதவுமா என்பதில் யாரும் காட்டியதாகத் தெரியவில்லை. ரவிக்கைத் துணியின் கதை இன்னும் வேடிக்கை. எங்கள் போடியில் நவராத்திரிக்குக் கிளம்பிய ஒரு துணி, ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் பொங்கலுக்குள் கிளம்பின வீட்டுக்கே தாம்பூலத்தோடு வந்து சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மடிப்பை வைத்தே என் வீட்டுக்காரி அடையாளம் கண்டுகொண்டாள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அது மறுபடியும் கிளம்பிவிட்டது.

இதையெல்லாம் இப்போது அசைபோட வைத்தவள் என் பேத்தி. சென்னையில் வேலை. 2010 கடைசியில் நின்றுபோன ரயில், 2023 ஜூனில் அகலப் பாதையில் போடிக்குத் திரும்பி வந்ததிலிருந்து பண்டிகைக்குப் பண்டிகை வந்து இறங்கிவிடுகிறாள். அவளுடைய சிநேகிதக் கூட்டம் ஒரு தினுசு. டம்ளரைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிடி சரியில்லை, கனம் சரியில்லை என்று சொல்கிற ஆட்கள்.

"தாத்தா, இவங்களுக்குத் தீபாவளிக்கு என்ன வாங்கிக் கொடுக்கிறதுன்னே தெரியலை. எதைக் கொடுத்தாலும் குறை சொல்றாங்க."

"குறை சொல்றவங்களுக்கு வாங்கறதுதான் பாப்பா சுலபம். என்ன வேணும்னு அவங்களே சொல்லிடறாங்களே" என்றேன்.

நான் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதி ஓய்ந்தவன். பொருள்களைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், காய் பிரிக்கிற பெண்களின் கைகளை எதிரே உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பார்த்த யோக்கியதைதான். வட்டத் துளை போட்ட சல்லடையில் எட்டு மில்லி, ஏழு மில்லி என்று காய் அளவுவாரியாகப் பிரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் நிஜ வேலை. வெடித்த காய், வெளுத்த காய், பூச்சி துளைத்த காய் எல்லாவற்றையும் கண்ணும் விரலும் சேர்ந்து ஒதுக்க வேண்டும். ஒவ்வொருத்திக்கும் சொந்த முறம் உண்டு. அடுத்தவள் முறத்தைத் தொடமாட்டாள். எல்லாம் சந்தையில் ஒரே ஆளிடம் வாங்கிய முறம்தானே, இதில் என்ன பிகு என்று வயசுத் திமிரில் நான் சிரித்ததுண்டு. கிட்டப்போய்ப் பார்த்தால், ஒருத்தி விளிம்பில் பழைய சேலைக் கரையைச் சுற்றித் தைத்திருப்பாள். ஒருத்தி ஊறவைத்த காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்து இண்டு இடுக்கெல்லாம் பூசி மெழுகியிருப்பாள். ஒருத்தி மூலையில் கம்பி கட்டி இறுக்கியிருப்பாள். கடையில் வாங்கிய வரைக்கும் அது முறம். ஒட்டுப் போட்ட இடத்திலிருந்துதான் அது அவளுடையது.

எங்கள் முதலாளியின் தாயார் இதை எனக்கு முன்பே அறிந்தவர். கடைப் பக்கம் அதிகம் வரமாட்டார். தீபாவளிக்கு வழக்கமாக ஆளுக்கொரு சேலை, ஒரு பொட்டலம் இனிப்பு, அதோடு சரி. ஒரு வருஷம் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் மத்தியானத்தில் வந்து, காய் பிரிக்கிற கொட்டகை மூலையில் சும்மா உட்கார்ந்துகொண்டார். "வேவு பாக்க வந்திருக்காக" என்று பெண்கள் குசுகுசுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் அவர்கள் கிளம்பிப் போனதும் அந்த அம்மாள் மடியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். பெண்கள் உட்கார்வதற்குச் சாக்குகளை மடித்து அடுக்கிப் போட்டிருப்பார்கள். ஒருத்திக்கு இரண்டு மடிப்பு, முழங்கால் வலிக்காரிக்கு ஆறேழு மடிப்பு. ஒவ்வொரு அடுக்கையும் கையால் அழுத்தி, தரையிலிருந்து நூலைப் பிடித்து, உயரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டே போனார். அந்த நூல் ஆசாரி வீட்டுக்குப் போயிற்று.

தீபாவளிக்கு முந்தின நாள் மணைக்கட்டைகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். தொடையை அழுத்தாதபடி முன் ஓரத்தை மட்டும் ஆசாரி உருட்டி இழைத்திருந்தார். எனக்கோ கணக்குக்காரன் புத்தி. "அம்மா, எல்லாத்தையும் ஒரே அளவாச் செஞ்சிருந்தா கூலி சல்லிசா முடிஞ்சிருக்குமே" என்றேன். "சாமி எல்லாருக்கும் ஒரே அளவு முழங்காலா குடுத்துச்சு?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அந்தச் செலவைப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நான் தலையைச் சொறிந்தேன். பேர் ஏதும் வெட்டவில்லை. ஆனால் யாருடைய மணை எது என்பதில் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. அந்தப் பெண்களில் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவருடைய மணை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இப்போது பேரன் அதன் மேல் ஏறித்தான் ஃபேன் சுவிட்சைப் போடுகிறான்.

புதுசாக ஒன்றை யோசித்துக் கண்டுபிடிக்க அந்த அம்மாள் மெனக்கெடவில்லை. உட்காரத் தோதான உயரம் எது என்று அந்தப் பெண்களே சாக்கை மடித்துச் சொல்லி வைத்திருந்தார்கள். அதைக் கவனித்தார், அவ்வளவுதான். யாருக்கு என்ன கொடுப்பது என்று குழம்புகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதையேதான்: அவர் வீட்டுக்குப் போனால் புதுச் சாமான்களைப் பார்க்காதீர்கள். எதை ஒட்டி, கட்டி, தைத்து, விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள்.

பேத்தி தன் பங்குக்கு ஒரு விஷயம் சொன்னாள். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்று ஓர் அமெரிக்கத் தம்பதி. நாற்காலி வடிவமைப்பில் பேர் போனவர்கள். இந்திய அரசு அழைத்து வந்து ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்து, 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்களாம். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்க அதுதான் வித்து. இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருள்களில் அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடியது எதை என்று நினைக்கிறீர்கள்? லோட்டாவை, அதாவது நம் சொம்பின் வகையறாவை. எவ்வளவு பிடிக்கும், இடுப்பில் எப்படி உட்காரும், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எப்படிச் சமன்படும், ஊற்றினால் எப்படி விழும், பழசானால் என்ன விலைக்குப் போகும் என்று இத்தனை கேள்விக்கும் அது பதில் வைத்திருக்கிறது. தனியொருவர் உட்கார்ந்து வரைந்ததில்லை, பல தலைமுறை சேர்ந்து செய்தது என்று எழுதினார்களாம். எனக்குக் குடம் ஞாபகம் வந்தது. பித்தளைக் குடம் போய் எவர்சில்வர் வந்தது, அப்புறம் பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் வந்தது. எல்லாம் மாறியும் அந்தக் கழுத்தும் வயிறும் மாறவில்லை. இடுப்பு மாறினால்தானே குடம் மாறும்?

எங்கள் ஊரில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்லச் சொன்னால் தூக்குவாளியைச் சொல்வேன். காலையில் இருட்டுப் பிரிவதற்குள் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டுக்குக் கிளம்பும். மேலே பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை வரைக்கும் போகிற வண்டிகள். மலைப்பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. மடியில் வைத்த சாப்பாட்டு டப்பா முதல் வளைவிலேயே சாய்ந்துவிடும். கையில் தொங்குகிற தூக்குவாளிக்கு அந்தக் கவலை இல்லை. வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது தன் போக்கில் ஆடி நேராகிக்கொள்ளும். மூடி வாய்க்குள்ளே ஆழமாக இறங்கி உட்காரும். திருப்பி வைத்தால் அதுவே குழம்புக் கிண்ணம். வாய் அகலம், முழுக் கை உள்ளே போகும், ஆகவே கழுவுவது சுலபம். மழை பிடித்தால் காலிச் சாக்கின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் குத்தித் தலையில் மாட்டிக்கொள்வார்கள்; கொங்காணி. கை இரண்டும் காய் எடுக்கச் சும்மா இருக்கும், முதுகும் நனையாது. காசு செலவில்லாமல் செய்த இதற்கு எந்த ஊரில் என்ன விருது கொடுத்தாலும் தகும்.

ஆகவே பேத்தியின் கூட்டாளிகளில் மதியச் சாப்பாட்டை ஆபீசுக்குக் கொண்டுபோகிற ஒருத்திக்குக் கனமான எவர்சில்வர் தூக்குவாளி என்று முடிவாயிற்று. மெல்லிய தகட்டில் வருவது வேண்டாம், பிடி மாட்டுகிற காது சீக்கிரம் இளகிவிடும் என்று மட்டும் எச்சரித்தேன்.

துண்டு கொடுப்பதைப் பற்றி எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. கடையில் தடித்த டர்க்கி டவல்தான் அந்தஸ்து. மலைச்சரிவில் ஆனி, ஆடி மழையில் அதைத் துவைத்துப் போட்டவர்களுக்குத் தெரியும் அதன் லட்சணம். மூன்றாம் நாள் வாடை வரும், ஈரம் போகாது. சென்னை அடுக்குமாடியிலும் வெயில் படாத பால்கனிதானே? மெல்லிய ஈரிழைத் துண்டு பிழிந்து உதறினால் பாதி காய்ந்துவிடும். தலை துவட்டலாம், தோளில் போடலாம், அவசரத்துக்கு முடிந்து எடுத்துக்கொண்டு வரலாம். என்ன, பளபளப்புக் காகிதம் சுற்றினால் சின்னதாகத் தெரியும். அதற்குப் பயந்து பாதிப் பேர் வாங்குவதில்லை.

திண்டுக்கல் பூட்டு பேத்திக்கே பிடித்துப்போனது. மாங்காய்ப் பூட்டைக் கையில் எடுத்தால் கனமே ஒரு நம்பிக்கை தரும். பட்டறையில் அரம் பிடித்து அராவி உண்டாக்கும் சாவி. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைகள் குறைந்துகொண்டுதான் வருகின்றன. "பூட்டைக் கொடுத்தா தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா தாத்தா?" என்றாள். வாடகைக்கு இருக்கிற பிள்ளைகள் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பொருளே வாங்காமல் கொடுப்பதும் உண்டு. அவளுடைய சிநேகிதி ஒருத்தி வீட்டில் பாட்டி வைத்துவிட்டுப் போன பித்தளை அண்டாவும் உருளியும் ஈயம் போய், புளி பட்டால் களிம்பு ஏறும் என்ற பயத்தில் மூலையில் கிடக்கின்றனவாம். பூந்தொட்டியாக வைக்கலாமா என்று யோசிக்கிறாளாம். அவற்றை வாங்கி வந்து ஈயம் பூசிக் கொடு என்றேன். ஈயம் பூசுவதைப் பேத்தி பார்த்ததே இல்லை. துருத்தி ஊதிக் கரி நெருப்பில் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவினால் குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். வெள்ளீயத்தை ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சால் சுற்றித் தேய்த்தால் கறுத்துக் கிடந்த உள்பக்கம் கண் முன்னாலே வெள்ளி ஏறும். முன்பு தெருவோடு கூவிக்கொண்டு வருவார்கள். இப்போது பாத்திரக் கடையில் விசாரித்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். தீபாவளி நெருங்கிவிட்டால் அதுவும் கிடைக்காது.

வார்ப்பு இரும்புத் தோசைக்கல்லும் கல்சட்டியும் இந்த ரகம்தான். நகரத்துப் பிள்ளைகள் ஆசையாக வாங்குகிறார்கள், முதல் தோசை ஒட்டிக்கொண்டதும் ஓரம் கட்டிவிடுகிறார்கள். கல்சட்டியை எடுத்த எடுப்பில் அடுப்பில் ஏற்றி விரிசல் விட வைத்தவர்களும் உண்டு. கல்லைக் கொடுப்பதானால் பழக்கிக் கொடுக்க வேண்டும். எண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்து, சூடேற்றி ஆறவிட்டு, நாலைந்து நாள் நம் வீட்டிலேயே தோசை சுட்டு, வழுக்கிக்கொண்டு வருகிற பதத்தில் துடைத்து, துணியில் சுற்றிக் கொடுங்கள். கல்சட்டியையும் வடிகஞ்சி ஊற்றி ஊற்றிப் பழக்கி, மெல்ல மெல்லச் சூடு காட்டிய பிறகு கொடுங்கள். "பழசைக் குடுத்த மாதிரி இருக்காதா?" என்று என் மருமகளுக்குச் சந்தேகம். அப்படி ஒன்றைச் சீதனமாகக் கொண்டுவந்தவள்தான் என் வீட்டுக்காரி. அவளுடைய அம்மா கை பட்ட கல் அது. அதில் இன்னொருத்தர் தோசை ஊற்ற இன்றுவரைக்கும் அனுமதி இல்லை.

கடைசியில் பேச்சு ஏலக்காய்க்கு வந்தது. போடியிலிருந்து போகிறவள் வெறுங்கையோடு போக முடியுமா? 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனபோது, எங்கள் வீட்டுப் பிள்ளையார் கொழுக்கட்டைக்கே இரண்டு காய் போட யோசித்தோம். இப்போது அவ்வளவு மோசமில்லை. அழகான கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி, ரிப்பன் கட்டிக் கொடுக்கலாம் என்று படம் காட்டினாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் காயைக் கறுப்புப் பாலிதீன் உறை போட்ட சாக்கில் கட்டியது ரசனை இல்லாததால் அல்ல. வெளிச்சமும் ஈரக்காற்றும் பட்டால் பச்சை வெளுத்துவிடும். மூடி இறுக்கமான சின்னத் தகர டப்பாவோ எவர்சில்வர் டப்பாவோ போதும். எட்டு மில்லிதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதே, டீக்குத் தட்டிப் போட ஏழு மில்லியே தாராளம். மிச்சக் காசுக்கு ஆளுக்கொரு சின்னக் கல் உரல் வாங்கிக் கூட வை என்றேன்.

"அது எங்க தாத்தா கிடைக்கும்?"

"உங்க அப்பத்தாவைக் கேளு. அவகிட்ட மூணு இருக்கு. ஒண்ணும் தரமாட்டா, கடை எதுன்னு மட்டும் சொல்லுவா."