கிளிஞ்சல் வீடு

சங்கப் புலவர் மாசாத்தியாரின் பெயரோடு இணைந்த ஒக்கூரில் நின்று பார்த்தால் கடல் தெரியாது; செம்மண்ணும் கண்மாயுமே தெரியும். ஆயினும், செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சுவர்களில் கடலின் ஒரு பங்கு நூறாண்டுகளுக்கும் மேலாகக் குடியிருக்கிறது. கிளிஞ்சல்களைச் சூளையில் சுட்டு நீற்றி, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் முட்டை வெண்கருவும் கூட்டி அரைத்த சாந்தே அச்சுவர்களுக்குக் கண்ணாடி போன்ற மெருகைத் தந்தது. பூசிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல ஏற்று, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. கிளிஞ்சலும் முன்பு அதுவாகத்தான் இருந்தது.

சுவரை இறுக்கும் அவ்வாயுவே கடலில் எதிர்வேலை செய்கிறது. மனிதர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் ஏற்கிறது. அது நீரோடு கூடிக் கார்பானிக் அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பி.எச். மதிப்பு இன்று சுமார் 8.1. இதனைச் சிறு வேறுபாடென்று எண்ணுவது பிழை. இவ்வளவையில் 0.1 குறைந்தால், ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு கால் பங்குக்கு மேல் கூடிவிடும்.

உடல்நீர்மத்தின் அமில-காரச் சமநிலை குறுகிய வரம்பைத் தாண்டினால் உயிர்ச்செயல்கள் தடுமாறும். மீன்களுக்கு இதைச் சமாளிக்க வழியுண்டு. செவுள்களின் வழியே ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றி, குருதியில் பைகார்பனேட்டைச் சேர்த்து அவை நிலைமீளும். அதற்குச் செலவாகும் ஆற்றல் வேறு கணக்கு. மட்டிகளிடம் அத்தகைய வலிய ஏற்பாடு இல்லை.

மத்தியதரைக் கடல் மட்டிகளைப் பி.எச். 7.3 உள்ள நீரில் மூன்று மாதங்கள் வைத்திருந்த ஆய்வொன்று 2005இல் வெளிவந்தது. இன்றைய கடல் அவ்வளவு இறங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அம்மட்டிகளின் உடல்நீர்மத்தில் அமிலத்தன்மை ஏறியது. அதனை மட்டுப்படுத்தத் தம் ஓட்டின் சுண்ணாம்பையே அவை கரைத்துக்கொண்டன. அப்போதும் சமநிலை முழுதாக மீளவில்லை, வளர்ச்சியும் குன்றியது.

செட்டிநாட்டில் வருவாய் அற்றுப்போன சில குடும்பங்கள் வீட்டின் தேக்குத் தூண்களையும் நிலைகளையும் கழற்றி விற்றதுண்டு. அவை இன்றும் காரைக்குடிக் கடைவீதியில் பழம்பொருளாக நிற்கின்றன. மட்டி செய்வதும் ஏறக்குறைய அதுவே. ஆனால், அது வீட்டுக்குள் இருந்துகொண்டே சுவரைச் செலவழிக்கிறது.

மன்னார் வளைகுடாவின் சங்கும் முத்துச்சிப்பியும் இம்மெல்லுடலிகளின் இனத்தவையே. முத்துச்சிப்பியின் இளவுயிரி, பிறந்து ஏறத்தாழ ஒரு நாளிலேயே கண்ணுக்குப் புலப்படாத தன் முதல் ஓட்டைக் கட்டிக்கொள்கிறது. கரைத்துச் செலவிட அதனிடம் இருப்பு ஏது?