முன்பணம்

என் அப்பா சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறிய தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வட்டாரத்தில் நடக்கவே இடம் இருக்காது. துவாஸ், கிராஞ்சி போன்ற தொலைவான இடங்களில் உள்ள தங்குவிடுதிகளிலிருந்து வெளிநாட்டு ஊழியர்கள் வந்து இறங்குவார்கள். முடி வெட்டிக்கொள்வார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்பார்கள். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு, புல்வெளியில் உட்கார்ந்து பேசுவார்கள். போகும் வழியில் எங்கள் கடைக்கும் வருவார்கள். அன்று மட்டும் நானும் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று அப்பாவுக்கு உதவி செய்வேன்.

அப்பா கடன் கணக்கை, அட்டையில் ‘555’ என்று அச்சிட்ட சின்னக் குறிப்பேட்டில்தான் எழுதுவார். சிங்கப்பூரின் பழைய மளிகைக் கடைகளுக்குப் போனவர்களுக்கு அந்தப் புத்தகத்தைத் தெரிந்திருக்கும். சட்டைப் பையில் அடங்கிவிடும். அப்பாவின் புத்தகத்தில் ஆள்களின் பெயர் இருக்காது, ஊர்தான் இருக்கும். ‘சிவகங்கை, உயரம்’, ‘திட்டக்குடி, கண்ணாடி’ என்று எழுதி, பக்கத்தில் தொகையைக் குறித்திருப்பார். ‘மன்னார்குடி’ என்ற பெயருக்கு மட்டும் எந்த அடையாளமும் தேவைப்படவில்லை. அந்த ஊரிலிருந்து எங்கள் கடைக்கு வந்தவர் அவர் ஒருவர்தான்.

2016ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மன்னார்குடி அண்ணன் நான்காக மடித்த ஒரு தாளை அப்பாவிடம் நீட்டினார். அது ஜூலை மாதச் சம்பளச் சீட்டு. வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியர்களுக்கு, அடிப்படைச் சம்பளம், படிகள், மிகுநேர வேலை, பிடித்தம் எல்லாவற்றையும் தனித்தனியே காட்டும் சீட்டு தரவேண்டும் என்பது அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதனால் அந்த மாதங்களில் கடைக்கு வரும் பலருடைய கையிலும் இப்படி ஒரு தாள் இருந்தது. முழுவதும் ஆங்கிலம்.

“தம்பிகிட்ட காட்டுங்க. அவனுக்கு இங்கிலீஷ் நல்லா வரும்” என்றார் அப்பா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது நான் உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன். தாளை வாங்கி, செய்தி வாசிப்பவரைப்போல் ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தேன். பேசிக் சாலரி, ஓவர்டைம் அவர்ஸ், டிடக்‌ஷன்ஸ், நெட் பே.

“படிச்சது சரி தம்பி. என்ன அர்த்தம்?” என்றார் அண்ணன்.

“டிடக்‌ஷன்னா... சம்பளத்திலேர்ந்து டிடக்ட் பண்றது.”

“பிடித்தமா?”

அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. இருந்தாலும் தலையை ஆட்டினேன். அண்ணன் விடவில்லை. “நெட் பேன்னா, பிடித்தம் எல்லாம் போக, கையில வர்ற நிகரச் சம்பளம், அதானே?” என்றார். அதற்கும் தலையை ஆட்டினேன். மன்னார்குடியில் ஓர் அரிசி ஆலையில் ஆறு ஆண்டுகள் கணக்கு எழுதியவர் அவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. வரவு, பற்று, அசல், வட்டி, நிலுவை எல்லாம் அவருக்கு அத்துபடி. அவருக்குத் தெரியாதது அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் மட்டுமே. எனக்கோ பெயர்கள் மட்டுமே தெரிந்திருந்தன.

கடைசியில் ஒரு வரி இருந்தது. ‘அட்வான்ஸ் ரிகவரி’, 100 வெள்ளி.

எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஆனால், கடையில் இன்னும் நான்கு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ‘அட்வான்ஸ்’ என்றால் முன்னேற்றம், ‘ரிகவரி’ என்றால் உடல்நலம் தேறுவது என்று மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன்.

“இது ஏதோ மருத்துவக் காப்புறுதி மாதிரி இருக்குண்ணே. உடம்பு சரியில்லாமப் போனா, சீக்கிரம் தேறி முன்னேறி வர்றதுக்கு” என்றேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார். “அப்படின்னா நல்லதுதான்” என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அப்பா அப்போது உள்ளே அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் இது விழவில்லை.

புதன்கிழமை பள்ளியில் கணக்கியல் பாடம். ஆசிரியர் ஒரு கடையின் கணக்கை வெண்பலகையில் எழுதிக்கொண்டே வந்தார். நடுவில் ‘அட்வான்ஸ் டு எம்ப்ளாயீ’ என்று ஒரு வரி. ஊழியருக்கு முன்கூட்டியே கொடுத்த பணம், பிறகு சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது.

அன்று மாலை அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்போல் இருந்தது. “வேலை அனுமதிச் சீட்டில வர்றவங்களுக்கு மருத்துவக் காப்புறுதி வாங்குறது முதலாளியோட பொறுப்பு. அதைப் போய் அவர் சம்பளத்தில பிடிப்பாங்களா?” என்று மட்டும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். மன்னார்குடி அண்ணன் மார்ச் மாதம் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக நிறுவனத்திடம் 300 வெள்ளி முன்பணம் வாங்கியிருந்தார். மாதம் 100 வெள்ளி வீதம் பிடிப்பதாகப் பேச்சு. ஏப்ரல், மே, ஜூன் என்று விரல்விட்டு எண்ணினேன். கடன் தீர்ந்துவிட்டது. ஜூலையில் பிடித்த 100 வெள்ளி கூடுதல். அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ 5,000 ரூபாய்.

அவருடைய கைத்தொலைபேசி எண் எங்களிடம் இல்லை. 555 புத்தகத்தைப் புரட்டினேன். ‘மன்னார்குடி, 14.60’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நான்கு நாள்களும் அவர் நான் சொன்னதை நம்பி, தம் அறை நண்பர்களுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பே என்னைப் பிடுங்கியது.

ஞாயிறு காலை பத்து மணிக்கே கடையைவிட்டுக் கிளம்பிவிட்டேன். பஃபலோ சாலையில் தேடினேன். கேம்பல் லேனில் தேடினேன். பணம் அனுப்பும் கடைகளின் வரிசைகளில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கூட்டத்தைக் கடையிலிருந்து பார்த்துவந்தவன் நான். அதற்குள் புகுந்து ஒரு முகத்தைத் தேடியது அன்றுதான். அவர் மூன்றாவது வரிசையில், கையில் பணத்தை எண்ணியபடி நின்றிருந்தார்.

“அண்ணே, நான் தப்பாச் சொல்லிட்டேன். அது காப்புறுதி இல்ல. உங்க முன்பணத்தைத்தான் மறுபடியும் பிடிச்சிருக்காங்க.”

அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து சீட்டை எடுத்து விரித்தார். ஏப்ரல் முதல் ஜூலைவரை நான்கு சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருந்தார். கணக்கு எழுதியவர் அல்லவா! நான்கிலும் அதே வரி. “முன்பணம்னு ஒரு வார்த்தை தமிழ்ல போட்டிருந்தா நானே கேட்டிருப்பேனே” என்றார். எனக்கு அந்த வாக்கியம் இன்றும் மறக்கவில்லை.

அன்று பிற்பகல் கடையின் பின்பக்கம் அரிசி மூட்டைகளின்மேல் உட்கார்ந்து இருவருமாக ஒரு கடிதம் எழுதினோம். அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதினேன். நான் முதலில் எழுதிய கடிதம் சண்டைக்குப் போவதைப்போல் இருந்தது. “வேணாம் தம்பி, தேதியையும் தொகையையும் எழுது, போதும். கணக்கே பேசும்” என்றார். நான்கு வரிகளில் கடிதம் முடிந்தது. ஆகஸ்ட் மாதச் சீட்டில் அந்த 100 வெள்ளி திரும்பி வந்தது. அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர் பழைய மாதத்துத் தாளை அப்படியே நகல் எடுத்துவிட்டாராம். வேண்டுமென்றே செய்ததில்லை என்றார்கள். இருக்கலாம்.

அதற்குப் பிறகு அண்ணன் தமக்கென்று ஒரு 555 புத்தகம் வாங்கினார். காசு கொடுத்துத்தான் வாங்கினார், அப்பா வேண்டாம் என்றும் கேட்கவில்லை. இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவார், வலப்பக்கம் அதன் பொருளை எழுதுவார். ‘டியூ’ என்றால் செலுத்த வேண்டியது. ‘பிரின்சிபல்’ என்றால் அசல். பள்ளித் தலைமையாசிரியரையும் அப்படித்தான் சொல்வோம் என்று நான் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். ‘இன்ட்ரெஸ்ட்’ வந்தது. எனக்குத் தெரிந்த பொருள் ஆர்வம். “வட்டிதானே? கடன் கொடுத்தவனுக்குத்தான் அதில ஆர்வம்” என்றார். தெரியாத சொல் வந்தால், தெரியாது என்று சொல்லி, நாள் கேட்டுக்கொண்டேன். அடுத்த ஞாயிறு ஆசிரியரிடம் கேட்டு வந்து சொன்னேன்.

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் அவர் தமிழிலேயே தடுமாறியிருக்கிறார். “சம்பளம் இத்தனை வெள்ளி” என்று யாரோ சொன்னபோது, எத்தனை வெள்ளிக்கிழமைக்கு ஒருமுறை என்று கேட்டாராம். ஒரு காலத்தில் இங்கே வெள்ளி நாணயங்கள் புழங்கியதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது என்று அப்பா விளக்கினார். அப்பாவுக்கு இந்தப் பேச்சு மிகவும் பிடிக்கும். மார்க்கெட் ஸ்திரீட்டைத் தமிழர்கள் செட்டித் தெரு என்று அழைத்தது, அங்கே கிட்டங்கிகளில் செட்டியார்கள் சிறு பெட்டிமேசைக்கு முன்னால் தரையில் அமர்ந்து கடன் கொடுத்தது எல்லாம் சொல்வார். மலாயில் மூலதனத்தை ‘மோடல்’ என்பார்கள், அது நம் ‘முதல்’தான் என்பார். உடனே அண்ணன், “அப்போ கேஷ்கூட நம்ம காசுதான்!” என்று ஒரே போடாகப் போட்டார். பல ஆண்டுகள் கழித்து நான் அகராதியில் பார்த்தேன். பாதி சரி. சீனாவில் புழங்கிய ஓட்டை நாணயத்தை ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்று அழைத்தது, போர்ச்சுகீசியர் வழியாகப் போன நம் காசிலிருந்து வந்தது. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய்ப்பு அமையவில்லை. 2019இல் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

போவதற்கு முந்திய ஞாயிறு கடைக்கு வந்து 555 புத்தகத்தில் இருந்த பாக்கியைத் தீர்த்தார். அப்போது புதிதாக வந்த ஓர் இளைஞர், அறந்தாங்கிக்காரர், மடித்த சீட்டோடு என்னை நோக்கி வந்தார். நான் கையை நீட்டுவதற்குள் மன்னார்குடி அண்ணன் அதை வாங்கி, ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் படித்து, தமிழில் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் நிறுத்தி, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

“இதை நல்லாக் கேட்டுக்க. அட்வான்ஸ்னா முன்னேற்றம் இல்ல, முன்பணம். தம்பிகிட்ட வேணா கேட்டுப் பாரு.”