25ஆவது தடை

எமது கல்லூரியின் யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதுக எனப் பழைய மாணவர் சங்கத்து அன்பர்கள் பணித்தனர். துடுப்பாட்டத்தைப் பற்றியும் நாவலர் குருபூசையைப் பற்றியும் எழுதுதற்கு என்னிலும் தகுதியுடையோர் பலர் உளர். யான் எழுதப் புகுவது பௌதிக ஆய்வுகூடத்துக் கரும்பலகையில் ஒருநாள் வரையப்பட்ட ஏணி ஒன்றைப் பற்றியதாகும்.

உயர்தர வகுப்பில் எமது ஆசிரியர் அவ்வேணியை வரைந்தார். நெடுக்கே ஒரு மடங்கு மின்தடைகள்; குறுக்கே இரு மடங்கு மின்தடைகள்; கடைக்கோடியிலே இன்னுமோர் இரு மடங்குத் தடை. "எத்தனை படிகளைக் கூட்டினாலும் மொத்தத் தடை மாறாது. ஏன் என்று காட்டுக" என்றார். இரு மடங்குத் தடைகள் இரண்டு பக்கம் பக்கமாக நிற்பின் ஒரு மடங்காகும். நெடுக்கே உள்ள ஒன்றைக் கூட்ட மீண்டும் இரண்டாகும். அவ்வளவுதான் கணக்கு. "இதனால் யாருக்கு என்ன பயன்?" என யான் அயலிலிருந்தவனிடம் முணுமுணுத்தது ஆசிரியர் செவியிலும் விழுந்தது. அவர் ஏசவில்லை, சிரித்தார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

1986இல் புலமைப்பரிசில் பெற்று மொஸ்கோவுக்குச் சென்றேன். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. அவ்வாண்டின் இறுதியில், கொழும்பு வழியாக வந்த ஒருவரின் கையில் அம்மா ஓர் ஒலிநாடா அனுப்பியிருந்தார். தம்பி துவிச்சக்கரவண்டியை நிறுத்தி வைத்து மிதிக்க, தைனமோவிலிருந்து வந்த மின்னில் பதிவு செய்தது அது. அவன் களைத்தபோதெல்லாம் நாடா மெதுவாக ஓடியிருக்கவேண்டும். ஆதலால் அவ்விடங்களில் அம்மாவின் குரல் கீச்சென்று உயர்ந்தது. அடியிலே சங்கிலியின் கறகறப்பு. "தம்பி ராசா, குளிருக்குள்ள வடிவாச் சாப்பிடுறியோ?" என்பதே அதன் தொடக்கம். நாளொன்றுக்குப் பலமுறை கேட்டேன். ஒருநாள் கருவி நாடாவைக் கடித்து இழுத்துச் சுருக்கிற்று. எஞ்சிய பகுதியையேனும் காப்பாற்றவேண்டும் என்ற அச்சம் அன்று பிடித்தது.

அக்காலத்துக் கணினிகள் பெரும்பாலும் ஊமைகள். 1981இல் வெளிவந்த ஐபிஎம் கணினியினுள்ளே சிறு ஒலிபெருக்கி ஒன்று உண்டு. ஆயினும் அஃது ஏறும் அல்லது இறங்கும், இடைநிலை அறியாது. ஒலியட்டைகள் மாணவர் கைக்கு எட்டா விலை. எனினும், அச்சுப்பொறிக்கென உள்ள துறையில் எட்டுக் கம்பிகள் உண்டு. அவ்வெட்டையும் ஆசிரியரின் ஏணியிலே கட்டினால், முதற் கம்பி மின்னழுத்தத்தில் பாதியையும், அடுத்தது காற்பங்கையும், இவ்வாறே இறங்கி எட்டாவது 256இல் ஒரு பங்கையும் தரும். எல்லாம் கூடி 256 படிகள். அமெரிக்காவில் கோவொக்ஸ் என்னும் நிறுவனம் 1980களில் இதனை ஒரு செருகியாக விற்றது. மொஸ்கோ மாணவரோ பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளைத் தாமே செய்தனர்.

எனக்குக் கிடைத்தவை யாவும் 10 கிலோ ஓம் தடைகள். இருபது வேண்டிய இடத்தில் இரண்டைத் தொடுத்தேன். ஈயத்தை உருக்கி ஒட்டும்போது விரல்கள் வெந்தன. நண்பன் பணிபுரிந்த இடத்தில் இருந்த ஒலியட்டையின் உதவியால், நாடாவின் முதல் 20 வினாடிகளை எண்களாக்கினோம். வினாடிக்கு 8,000 எண்கள், ஆக 1,60,000. அவற்றை ஒவ்வொன்றாக 888 என்னும் முகவரிக்கு அனுப்பும் சிறு நிரலைப் பஸ்கால் மொழியில் எழுதினேன்.

இனிக் கூறுவது இதுவரை எவர்க்கும் எழுதாதது. ஆய்வுகூடத்தில் ஒருவருமில்லாத மாலையில், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகியைச் செருகினேன். வானொலிப் பெட்டியின் இரைச்சலைக் குறைக்க அதன் உடலை வெப்பநீர்க் குழாயோடு கம்பியாற் பிணைத்திருந்தேன். சுவரிலோ நிலத்தொடுப்பு இல்லாத இருமுனைக் குழி. அத்தகைய குழியில் கணினியின் உடல் 220இற் பாதி வோற்றுக்கு உயர்ந்து நிற்கும் என்பது அன்று தெரியாது. நீலப் பொறியொன்று தெறித்தது; அச்சுத்துறை செத்தது.

இரவு முழுவதும் உறங்கவில்லை. புலமைப்பரிசில் பறிபோகலாம், பேசாதிருந்தால் பழி வேறொருவன்மேல் விழும். காலையில் ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் திட்டினார். பின்னர் எதற்காக என்று வினவினார். அம்மாவின் குரல் என்றேன். மேசை இழுப்பறையிலிருந்து சில்லு ஒன்றை எடுத்து, என்னையே மாற்றச் செய்தார்.

இரண்டாம் முறை எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செருகினேன். குரல் வந்தது, ஆயினும் மெல்லிய சொற்களில் மட்டும் பொரிந்தது. மெல்லொலி 127இற்கும் 128இற்கும் இடையே ஊசலாடும். அங்கேதான் எட்டுக் கம்பிகளும் ஒருங்கே புரளும். நூற்றுக்கு ஐந்து பிழையுள்ள தடைகள் அவ்விடத்தைத் தாங்கா. மேலும் ஒரு கைப்பிடித் தடைகளை வாங்கி, ஒவ்வொன்றாய் அளந்து, ஒத்தவற்றை மேற்படிகளில் வைத்தேன். பொரிவு பெரிதும் அடங்கிற்று. அறைத்தோழனான உக்கிரேனியன் சற்றுக் கேட்டிருந்துவிட்டு, "பின்னாலே என்ன யந்திரம்?" என்றான். "என் தம்பி" என்றேன்.

ஏணியின் படத்தை வரைந்து ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அன்று முணுமுணுத்ததற்கு மன்னிப்பும் கேட்டிருந்தேன். ஐந்து மாதங்களின் பின் மறுமொழி வந்தது. மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என் படத்தைத் திருப்பி வரைந்து, கடைக்கோடியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்: "ஈண்டு இரு மடங்கு வேண்டும், நீர் ஒரு மடங்கே இட்டிருக்கின்றீர்."

எண்ணிப் பார்த்தேன். 24 தடைகளே இருந்தன. அன்றிரவே இருபத்தைந்தாவதை ஒட்டினேன். கீழ்ப்படிகளின் மெல்லிய இரைச்சல் சற்றுக் குறைந்ததாகத் தோன்றிற்று. தடையினாலோ அவருடைய சிவப்பு மையினாலோ, அறியேன்.