மீட்டர் சொல்லாததை பல்பு சொல்லும்

லாரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நொந்துபோயிருந்தார். அடுத்தடுத்து இரண்டு முறை ஜோடி பேட்டரி மாற்றியும், காலையில் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. "ஒரு அண்ணன்கிட்டக் கொண்டுபோறேன், நீங்களும் வந்து அந்த வேலையைப் பாருங்க" என்றார். போனோம்.

சேலம்–கோவை நெடுஞ்சாலையில் லாரித் தொழிலால் வளர்ந்த ஊர் சங்ககிரி. பாடி கட்டுபவர்கள், பட்டை அடிப்பவர்கள், டிங்கர், பெயிண்டர் என்று நீளும் வரிசையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருந்தது அந்த எலக்ட்ரீஷியன் பட்டறை. அண்ணனுக்கு அறுபதை நெருங்கும் வயது.

வண்டியைத் தொடுவதற்கு முன்பே டிரைவரிடம் கேட்டார்: "சாவி போட்டதும் சிவப்புல பேட்டரி படம் எரியுதா தம்பி?"

"அது எரியறதே இல்லீங்ணா."

டிரைவர் அதை நல்ல சேதியாகத்தான் சொன்னார். ஆனால் சாவி போட்டவுடன் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டிய விளக்கு அது. பல்பு போய்விட்டால், சார்ஜ் ஏறவில்லை என்று டிரைவருக்குச் சொல்ல அந்த வண்டியில் வேறு எதுவும் இல்லை.

அடுத்து பேட்டரிகள். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாகக் கோத்து 24 வோல்ட் ஆக்குகிறார்கள். சேர்த்து அளந்தால் நோய் ஒளிந்துகொள்ளும் என்று தனித்தனியாக அளந்தார். முழு சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி ஏறத்தாழ 12.6 காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இங்கே இரண்டுமே 12-ஐ ஒட்டி நின்றன. "ஒண்ணு மட்டும் இறங்கியிருந்தா அந்த பேட்டரியைச் சந்தேகப்படலாம். இல்லேன்னா, பாட்டுப் பெட்டிக்கு ஒரே பேட்டரியிலிருந்து யாராவது வயர் இழுத்திருப்பாங்க. ரெண்டும் ஒண்ணாட்டம் இறங்கினா, ரெண்டுக்குமே ஏறலைன்னு அர்த்தம்."

இன்ஜினை ஓடவிட்டார். 27.5-க்கும் 28.8-க்கும் நடுவில் நிற்க வேண்டிய மீட்டர், 24-ஐத் தாண்டவில்லை. நண்பரைப் பார்த்தார். "பேட்டரி மேல குத்தம் இல்லைங்க. சோறு போடாம வேலை வாங்கிட்டு, ஆள் சரியில்லைன்னு ஆளையே மாத்தியிருக்கீங்க."

பெல்ட் இறுக்கமாக இருந்தது. தடித்த கேபிளிலும் குறையில்லை. மிஞ்சியது ஆல்ட்டர்நேட்டருக்குச் சாவியிலிருந்து நேரே வரும் மெல்லிய வயர். உள்ளே சுழலும் காயிலுக்கு முதலில் கார்பன் பிரஷ் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் போனால்தான் அது காந்தமாகும். காந்தமானால்தான் சார்ஜ் பிறக்கும். அந்த வேலையைத் தொடங்கிவைக்கும் வயர் இது. அதைக் கழற்றி நுனியில் மீட்டரை வைத்தார். 24 இருந்தது. பலரும் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, ஆல்ட்டர்நேட்டரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவர் மேசைக்கடியிலிருந்து டெஸ்ட் லைட்டை எடுத்தார். பழைய இண்டிகேட்டர் ஹோல்டர், 24 வோல்ட் 21 வாட்ஸ் பல்பு, இரண்டு வயர், ஒரு முனையில் ஊசி, இன்னொன்றில் கிளிப். அவ்வளவுதான். கிளிப்பை எர்த்தில் கவ்வ வைத்து, ஊசியால் வயர் நுனியைத் தொட்டார். பல்பு மங்கலாகச் சிவந்து, அதோடு நின்றுவிட்டது.

டிஜிட்டல் மீட்டர் அளப்பதற்கு மின்சாரத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. ஒரு வயருக்குள் இருக்கும் இழைகளில் ஒன்றே ஒன்று அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது முழு வோல்ட் காட்டிவிடும். இந்த பல்போ ஏறத்தாழ ஒரு ஆம்பியர் கேட்கிறது. அரித்து இழை அறுந்த வயரால் அதைக் கொடுக்க முடியாது. வோல்ட் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. வேலை செய்ய வலு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதை எழுப்பத் தெரிந்தவரிடம்தான் பழுது பிடிபடுகிறது.

வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். சேஸிஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் ஒரு வளைவு. மேலுறை நன்றாகவே இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பூத்து உதிர்ந்தது. புது வயர் இணைத்து, பற்றவைத்து, ஸ்லீவ் போட்டார். இன்ஜினை ஓட்டியதும் மீட்டர் 28-ஐத் தாண்டி நின்றது. டேஷ்போர்டில் சார்ஜ் விளக்குக்குப் புது பல்பும் போட்டார்.

எட்டாம் வகுப்போடு பட்டறைக்கு வந்தவர். பெட்ரோலில் ஆர்மேச்சர் கழுவுவதிலும் டீ வாங்கி வருவதிலும் முதல் சில வருடங்கள் போயின. பிறகு குரு சொல்லித்தந்த முதல் வேலை, தனக்கென்று ஒரு டெஸ்ட் லைட் செய்துகொள்வது. அதை எங்கே தொடக்கூடாது என்பதும் அவருக்கு அத்துப்படி. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு வண்டி நிறைய சென்சார்கள். அந்த வயர்களில் இந்த பல்பை வைத்தால் கன்ட்ரோல் யூனிட் போய்விடலாம், அங்கே மீட்டர்தான். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கத்தையும் அவர் பட்டறைக்குள் விடுவதில்லை. அந்த நொடியில் எகிறும் வோல்ட்டில் டயோடுகள் போய்விடலாம்.

இத்தனை அறிவுக்கும் அன்று அவர் வாங்கியது ஒரு துண்டு வயரின் விலை, ஒரு பல்பின் விலை, கொஞ்சம் கூலி. அதற்கு முன் நண்பரிடம் பேட்டரி விற்றவர்களோ அளந்துகூடப் பார்க்கவில்லை. புது பேட்டரியில் லாபம், வண்டியைக் கூட்டிவந்த தரகருக்குக் கமிஷன், எடைக்கு எடுத்துக்கொண்ட பழைய பேட்டரியின் ஈயத்தில் இன்னொரு லாபம். தப்பாகச் சொன்னவர்களுக்குத்தான் வருமானம். சரியாகச் சொன்னவருக்கு, சொன்னதற்கென்று ஒரு பைசாவும் இல்லை. இந்தத் தொழிலில் மாற்றுவதற்குக் கூலி உண்டு, கண்டுபிடிப்பதற்குக் கிடையாது. இந்த அநியாயத்தை நாம் பழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

இதில் நஷ்டம் லாரிக்காரருக்கு மட்டுமல்ல. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல் வந்து, பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. ஆனாலும் உயிருள்ள பேட்டரி ஒன்று வீணாகக் கழிவாகி, முறையில்லாத உலையில் உருகினால், அந்த ஈயப் புகையை மூச்சில் இழுப்பது அக்கம்பக்கத்துக் குழந்தைகள்தான்.

வண்டி செல்ஃப் எடுக்காத நாளில் பேட்டரி கடைக்கு ஓடாதீர்கள். முதலில் அளக்கச் சொல்லுங்கள்: ஓய்வில் எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு என்று. ரசீதில் சோதனைக் கூலி என்று ஒரு வரி எழுதச் சொல்லி, கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கண்டுபிடித்ததற்குக் கூலி கிடைத்தால்தான் அந்தப் பட்டறையில் இன்னொரு பையன் டெஸ்ட் லைட் செய்யக் கற்றுக்கொள்வான்.