வெற்றுக் குறுந்தகடு

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ளது பனவடலிசத்திரம். 2004-இல், முதுகலைத் தமிழ் பயின்றுகொண்டிருந்த நாங்கள் மூவர், ஆய்வேட்டின் பொருட்டு அவ்வூரில் ஒப்பாரிப் பாடல்களைத் திரட்டினோம். முப்பதாண்டுகளுக்கு முன் மறைந்த கணவரை நேற்றுப் பறிகொடுத்தவர்போல் ஓர் ஆச்சி பாடினார். நாடா ஓடிக்கொண்டிருப்பதையே நாங்கள் மறந்திருந்தோம்.

நாடா தேயும், குறுந்தகடு தேயாது என்பது அன்றைய நம்பிக்கை. கடையில் உறையிட்ட தகடு ஒரு விலை. கோபுரமாய் அடுக்கியது அதைவிடக் குறைவு. ‘இசைக்கு மட்டும்’ என்று அச்சிட்டது மிக அதிகம். மலிவானதை வாங்கி, கணினி அனுமதித்த உச்ச வேகத்தில் எழுதினோம். 90 நிமிட நாடா 80 நிமிடத் தகட்டில் அடங்காமையால் ஒப்பாரியை நடுவில் அறுத்தோம். பந்துமுனைப் பேனாவால் ஆச்சியின் பெயரை மேலே அழுத்தி எழுதினோம். பிறகு, சிக்கனம் கருதி, அதே நாடாக்களில் வேற்றூர்ப் பாடல்களைப் பதிந்தோம்.

2011-இல் ஆச்சி காலமானார். பதினாறாம் நாள் விசேடத்தில் ஒலிக்கவிட வேண்டுமென்று பேத்தி அக்குரலைக் கேட்டார். தகடு மூன்று பாடல்கள் வரை ஓடியது, பிறகு திக்கிற்று, பிறகு நின்றேபோயிற்று.

அதன் பின்னரே இதைப் பற்றிப் படித்தோம். ஒலி பதிவது பளபளக்கும் அடிப்புறத்தில் அன்று. பெயர் எழுதும் மேற்புறத்து மெல்லிய அரக்குப் பூச்சுக்குச் சற்றே கீழுள்ள சாயப்படலத்தில். பேனா அழுந்தியது அங்கேதான். அச்சாயத்திலும் வகையுண்டு: சயனைன் வெளிச்சத்தில் விரைந்து மங்கும், தாலோசயனைன் நெடுநாள் தாங்கும். ‘இசைக்கு மட்டும்’ என்ற தகடோ, வீட்டு இசைப்பதிவுக் கருவிகள் ஏற்பதற்கான குறியீட்டைச் சுமந்ததேயன்றிக் கணினியில் எழுதுவோருக்கு யாதொரு கூடுதல் பயனும் தராது. இசைத்தகடாக எழுதாமல் தரவுக் கோப்பாக எழுதியிருந்தால் பிழைதிருத்தத்திற்கு இன்னுமோர் அடுக்குக் கிடைத்திருக்கும்; அதற்காகவே 80 நிமிடத் தகட்டில் 700 மெகாபைட் மட்டும் தரவுக்கு ஒதுக்கப்படுகிறது.

ஒலிப்பதிவாளர்கள் தேடித்தேடி வாங்கிய ஜப்பானியத் தாயோ யூடன் நிறுவனம் 2015-இறுதியில் தகட்டுத் தொழிலையே விட்டது. நல்ல தகட்டைத் தேர்ந்தெடுக்க நாங்கள் கற்றபோது தேர்வதற்கே அதிகமில்லை.

எனினும் தகட்டின்மேல் பழிபோட மனம் ஒப்பவில்லை. இரண்டாம் படி எடுத்துவைப்பதும், மூலத்தை அழிக்காதிருப்பதும் எங்கள் கையில் இருந்தவை. ஏட்டுச்சுவடிகளைச் செல்லரிக்குமுன் படியெடுத்த மரபைப் பாடமாக நடத்தும் நாங்கள்தாம் அதைச் செய்யாமல் விட்டோம். இன்று எம் மாணவர் களப்பணியிலிருந்து திரும்பியதும் முதற்கேள்வி, ‘எத்தனை இடத்தில் வைத்திருக்கிறீர்கள்?’ என்பதே.

எஞ்சிய மூன்று பாடல்கள் பேத்தியின் கைப்பேசியில் இருக்கின்றன. நான்காவதன் முதல் வரியை அவர் மனப்பாடமாகச் சொன்னார். அடுத்த வரி எங்கள் மூவருக்கும் நினைவில்லை.