கட்டமா... லிஸ்ட்டா?

‘‘ப்ரோக்ராம் சூப்பரா ஓடுது. ஆயிரம் கம்ப்யூட்டர் வந்தா?’’ - இன்டர்ன்ஷிப்பில் சீனியர் அண்ணா கேட்ட ஒரே கேள்வி!

நெட்வொர்க்கில் எது எதோடு இணைஞ்சிருக்குன்னு கட்டம் போட்டு வைத்திருந்தேன். 10 கம்ப்யூட்டருக்கு 100 கட்டம். 1,000 வந்தால் 10 லட்சம்! ஒவ்வொன்றுக்கும் நாலே இணைப்புதான் என்றால், மீதியெல்லாம் வெறும் பூஜ்யம். அதற்குப் பதில், பக்கத்து கம்ப்யூட்டர்களை மட்டும் லிஸ்ட் போட்டால் 4,000 பதிவில் வேலை முடிஞ்சுது. செல்போனில் ஊர்ல உள்ள எல்லார் நம்பரையுமா சேவ் பண்றோம்?

ரெண்டு ராத்திரி உழைப்பாச்சே... முகம் வாடத்தான் செஞ்சுது. ஆனாலும் ‘‘ஏன்ணா?’’ன்னு கேட்டேன். ‘‘எல்லாம் எல்லாத்தோடயும் இணைஞ்சிருந்தா, உன் கட்டமே பெஸ்ட்’’ என்றார்.

தலையாட்டிட்டு வந்திருந்தா லிஸ்ட் மட்டும்தான் கிடைச்சிருக்கும். கேட்டதால, எங்கே எதுன்னு முடிவு பண்ணவும் தெரிஞ்சுது. யாராவது திருத்தினா, ஒரு ‘ஏன்’ போட்டுடுங்க பாஸ்!