அக்கரைக்குப் போய் வந்தோம்

வந்தவாசி என்றதும் நேயர்களில் பலருக்குக் கோரைப்பாய் ஞாபகம் வரும். சரித்திரம் படித்தவர்களுக்குச் சண்டை ஞாபகம் வரும். 1760-ஆம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி, கடல் கடந்து வந்த இரண்டு கூட்டத்தார் எங்கள் ஊர் வெளியில் நின்று, எங்கள் தேசம் தங்களில் யாருக்கு என்பதைப் பற்றிச் சண்டை போட்டார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆங்கிலேயர் பக்கத்துக் கூட் ஜயித்தார். பிரெஞ்சுக்காரர் பக்கத்து லாலி தோற்றார். தோற்ற லாலியை அவருடைய சொந்த தேசத்தாரே 1766-இல் பாரிஸில் சிரச்சேதம் செய்தார்கள். ஆகவே கடல் கடப்பது நல்ல காரியமல்ல என்று எங்கள் ஊரார் யாராவது சொன்னால், அதற்குச் சரித்திர ஆதாரம் இல்லையென்று சொல்லிவிட முடியாது.

அப்படிப்பட்ட ஊரிலிருந்துதான், 2025-ஆம் வருஷக் கோடையில், நாங்கள் இருவரும் நான்கு நாள் யாழ்ப்பாணம் போய் வருவதென்று தீர்மானித்தோம். எங்களில் ஒருவர் பள்ளிக்கூட உபாத்தியாயர். மற்றவர் ஆரணியில் பட்டுத்தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். அப்போது ஐந்து மாதம். ஏழாம் மாதம் வளைகாப்பு ஆனதும் அவர் தாய் வீட்டுக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் குழந்தை. கல்யாணமான மூன்று வருஷத்தில், கூட்டுக் குடும்பத்தில், இருவருமாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதாக எங்களுக்கு நினைவில்லை. நாங்கள் இருவர் மட்டுமாக இருக்கக்கூடிய காலம் இன்னும் எட்டே வாரம் என்று ஒருநாள் கணக்குப் பார்த்தபோது, இருவருக்குமே பகீரென்றது.

யோசனையை வெளியிட்டவுடன் வீடு இரண்டுபட்டது. டாக்டரம்மாள் ஆட்சேபிக்கவில்லை. நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடைப்பட்ட காலமே பிரயாணத்துக்குச் சௌகரியமானது என்றும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஓரிடத்திலேயே வெகுநேரம் உட்காரக் கூடாது, வைத்தியக் காகிதங்களைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். ஆனால் எங்கள் வீட்டு ஆயா இருக்கிறாளே! (எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம்.) எண்பத்து மூன்று வயது. "பிள்ளைத்தாச்சியின் புருஷன் தலை சிரைக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, கடல் தாண்டக் கூடாது" என்றாள். உபாத்தியாயர் ஐந்து மாதமாக க்ஷவரம் செய்துகொண்டுதான் வருகிறார் என்பதை எடுத்துக் காட்டினோம். "அதனால்தான் மற்ற இரண்டையாவது விடாதே என்கிறேன்" என்றாள்.

இதைக் கண்மூடி வழக்கமென்று முதலில் சிரித்தோம். மூன்றாம் நாள் இரவு ஆயா காரணத்தைச் சொன்னாள். அதன் பிறகு சிரிக்கவில்லை.

ஆயாவின் பாட்டனார் 1913-இல் பீஜித் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர். 1879 முதல் 1916 வரையில் நம் தேசத்திலிருந்து 60,000 பேருக்கு மேல் அந்தத் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் வட ஆற்காட்டு ஜில்லாக்காரர்கள் அநேகர். ஐந்து வருஷ ஒப்பந்தம். அதன் பிறகு தம் சொந்தச் செலவில் திரும்பலாம். இனாமாகக் கப்பல் வேண்டுமானால் பத்து வருஷம் இருக்கவேண்டும். அவர் புறப்பட்டபோது அவர் மனைவிக்கு ஐந்து மாதம். ஐந்து வருஷமும் ஆயிற்று, பத்து வருஷமும் ஆயிற்று, அவர் வரவில்லை. ஆயாவின் தகப்பனார் தம் தகப்பனாரின் முகத்தைக் கண்டதே கிடையாது. அந்தக் குடும்பத்தில் கடல் என்பது அன்று முதல் கெட்ட வார்த்தை.

பிரயாணத்தை நிறுத்திவிடுவதாகவே இருந்தோம். பிறகு ஒரு யோசனை தோன்றிற்று. போகிற டிக்கெட்டுக்கு முன்னால் திரும்புகிற டிக்கெட்டை வாங்கி, அதன் அச்சுப் பிரதி ஒன்றை ஆயாவின் கையில் கொடுத்தோம். "இது அவரிடம் இருக்கவில்லை, ஆயா" என்றோம். ஆயா வெகுநேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். மறுநாள் காலையில் அதையும் ஒரு ரூபாய்க் காசையும் மஞ்சள் துணியில் முடிந்து சுவாமி படத்தின் அடியில் வைத்துவிட்டு, "கட்டுச்சோற்றுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாள்.

இந்தக் கடல் வழி புதிதல்ல. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையும் அந்த வழியையும் சேர்த்தே அழித்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பிரயாணிகள் கப்பல் 2023 அக்டோபரில் ஆரம்பமாகி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பிரயாணம். புறப்பட்ட அரை மணிக்குள் எங்களில் ஒருவருக்குத் தலை சுற்றி, வாந்தி ஆரம்பித்துவிட்டது. அது உபாத்தியாயருக்கு! பிள்ளைத்தாச்சி எலுமிச்சம்பழத்தை நறுக்கி அவர் மூக்கில் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பக்கத்துப் பிரயாணி, "சாருக்கு எத்தனையாவது மாசம்?" என்று விசாரித்தார்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பிரமாதமாக ஒன்றும் செய்யவில்லை. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும் கேணியைப் பார்த்தோம். நல்லூரில் கும்பிட்டோம். 1981-இல் சுமார் 97,000 புத்தகங்களோடு எரிக்கப்பட்டு, மறுபடி கட்டப்பட்ட நூல்நிலையத்தின் முன்னால் பேச்சின்றி நின்றோம். மற்ற நேரமெல்லாம் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, குழந்தைக்குப் பெயர் வைப்பதைப் பற்றிச் சண்டை போட்டோம். வந்தவாசிச் சண்டையைப் போலன்றி, இது முடிவு தெரியாமலே நின்றது.

தங்கியிருந்த வீட்டு அம்மாள் தினமும், "பிள்ளை, சாப்பிட்டனீரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தாம் சாப்பிடுவார். அவருடைய மூன்று மக்களும் கனடாவில் இருக்கிறார்கள். "பேரப்பிள்ளையளை டெலிபோனிலைதான் கொஞ்சிறன்" என்றார். புறப்படும்போது ஒரு பொட்டலம் பனங்கட்டியைக் கையில் கொடுத்து, "உங்கட ஆச்சிக்குக் குடுங்கோ. போனவையைத் திருப்பி அனுப்பிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றார். ஆயாவின் கதையை முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தோம்.

ஊர் வந்து சேர்ந்தபோது ஆயா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பனங்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, கப்பலைப் பற்றி எல்லாம் கேட்டாள். கடைசியில், "இரண்டு பக்கமும் கரை தெரியாத இடம் ஒன்று வருமாமே, அங்கே என்ன தோன்றியது?" என்றாள்.

"திரும்பிப் பார்க்கத் தோன்றியது, ஆயா" என்றோம்.

ஆயா சற்று நேரம் பேசவில்லை. "அவருக்கும் தோன்றியிருக்கும்" என்றாள்.

நூற்றுப் பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் ஒருவர் அந்த மனிதரைக் கோபமில்லாமல் நினைத்தது அன்றுதான் என்று எங்களுக்குப் பட்டது. பிறகு ஆயா உள்ளே போய் மஞ்சள் துணியை அவிழ்த்தாள். காசை உண்டியலில் போடக் கொடுத்தாள். டிக்கெட்டுப் பிரதியை மட்டும் திருப்பித் தரவில்லை. ஆரணித் தறியில் வளைகாப்புப் புடவைக்குப் பாவு ஏறிவிட்டதாம். அந்தப் புடவை வந்ததும் அதன் மடிப்புக்குள்ளேயே டிக்கெட்டை வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள்.